வேப்பமரத்தடி யூனிட் (வாட்ஸ்அப் குழு)

வியாழன்

பிரவீன் (இரவு 8.40): எல்லோருக்கும் வணக்கம். திரைக்கதையை பிடிஎஃப்பாகப் போட்டிருக்கிறேன். மொத்தம் 7 பக்கம். பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால் 7 நிமிடப் படம். ஞாயிறு ஒரே நாளில் முடித்தாக வேண்டும். திங்கள் எல்லோருக்கும் வேலை இருக்கிறது.

சேகர் மாமா: படித்துவிட்டேன் தம்பி. தேய்ப்பு வண்டிக்காரரிடம் ஒரு அம்மா வாராவாரம் துணி போடுகிறார். துணிக்கட்டில் எப்போதும் ஒரு வெள்ளைச் சட்டை. சட்டைக்காரர் இறந்து வருடம் இரண்டாகிறது, தெருவுக்கே தெரியும். வண்டிக்காரர் ஒன்றும் கேட்காமல் தேய்த்துக் கொடுக்கிறார். ஒரு வாரம் அந்தச் சட்டை வரவில்லை. சரிதானே?

பிரவீன்: அதேதான் மாமா.

சேகர் மாமா: கடைசிப் பக்கம் முழுக்க என் வசனம். இப்போதே மனப்பாடம் செய்ய ஆரம்பித்துவிட்டேன். என் மனைவி டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டாள்.

நான்சி: பிரவீன் அண்ணா, ஒன்று சொல்லட்டுமா? சட்டை வரவில்லை என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, அதையே ஒரு பக்கம் பேசிக் காட்ட வேண்டுமா?

பிரவீன்: பேசினால்தான் மக்களுக்குப் போய்ச் சேரும் நான்சி.

சேகர் மாமா: அதானே. கேளும்மா.

சரவணன்: மாப்ள, என் சித்தப்பா பையன் கல்யாணத்துக்கெல்லாம் ட்ரோன் எடுக்கிறான். சும்மாவே தருகிறேன் என்கிறான். முதல் ஷாட் மேலிருந்து தெருவைக் காட்டி அப்படியே இறங்கி வண்டிக்கு வந்தால் மாஸ்.

ஜமால்: 250 கிராமுக்கு மேல் உள்ள ட்ரோன் என்றால் பதிவு எண் வேண்டும், அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் நம் ஏரியா பச்சையா, அதாவது தனி அனுமதி இல்லாமல் பறக்கவிடலாமா என்று பார்க்க வேண்டும். அதை விடு. இது தேய்ப்பு வண்டிக் கதை டா. வானத்திலிருந்து யார் பார்க்கிறார்கள்?

சரவணன்: ஒரு ஐடியா சொன்னால் போதுமே, கூடி அடிப்பீர்களே.

தேவி அக்கா: ட்ரோன் வேண்டாம், அது கீழே விழுந்தால் யார் காசு கொடுப்பது? கணக்கு என்னிடம் இருக்கிறது. ஆளுக்கு 500 ரூபாய் என்று பேசினோம். இதுவரை கொடுத்தவர்கள் ஜமால், நான்சி, சேகர் மாமா. மற்றவர்கள் பெயரை இப்போதைக்குச் சொல்லவில்லை.

சரவணன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தேவி அக்கா: படித்துவிட்டேன் சரவணா.

வெள்ளி

ஜமால் (இரவு 9.15): தேவி அக்கா வீட்டில் எடுத்த டெஸ்ட் ஷாட்டைப் பாருங்கள். விஜயா அத்தை பீரோவிலிருந்து சட்டையை எடுக்கும் காட்சி. சுவரில் பட்டை பட்டையாக ஓடுகிறது தெரிகிறதா?

விஜயா அத்தை: ஐயோ, என் முகத்திலும் ஓடுகிறதே. போன் கெட்டுப்போய்விட்டதா?

ஜமால்: போன் நன்றாகத்தான் இருக்கிறது அத்தை. டியூப்லைட் வேலை அது. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். விளக்கு விநாடிக்கு 100 தடவை ஏறி இறங்கும், கண்ணுக்குத் தெரியாது. போன் தானாக விநாடிக்கு 30 பிரேம், ஷட்டர் விநாடியில் 60-இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் இரண்டும் ஒத்துப்போகாமல் பட்டை விழும். 25 பிரேம், ஷட்டர் 50-இல் ஒரு பங்கு என்று பூட்டிவிட்டு எடுத்தேன், இரண்டாவது வீடியோவைப் பாருங்கள்.

சேகர் மாமா: சரியாகச் சொன்னாய். 34 வருடம் மின்வாரியத்தில் இருந்தவன் நான், என்னைக் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். பழைய சோக் வைத்த டியூப்லைட்டில்தான் இது அதிகம்.

ஜமால்: அப்படியானால் நீங்கள்தான் மாமா நம் லைட்மேன்.

சேகர் மாமா: நான் ஹீரோ. இரண்டு சம்பளம் கொடுப்பீர்களா?

ஜமால்: ஞாயிற்றுக்கிழமை வெயிலில் பட்டை வராது, அங்கே பிரச்சினை வேறு. 11 மணிக்கு மேல் வெயில் உச்சியில் நிற்கும், முகத்தில் கண் இருக்கிற இடம் குழியாகத் தெரியும். அதனால் முகம் வருகிற ஷாட் எல்லாம் காலை 10-க்குள். மரத்து நிழலில் நிற்க வைத்து, எதிரில் தெர்மாகோல் பிடித்து வெளிச்சத்தைத் திருப்ப வேண்டும். சரவணா, தெர்மாகோல் உன் பொறுப்பு.

சரவணன்: கடைசியில் நம்மை அட்டை பிடிக்க விட்டுவிட்டார்கள்.

பிரவீன்: கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி எல்லாம் கலைஞர் டிவியில் நாளைய இயக்குநரில் குறும்படம் எடுத்து வந்தவர்கள்தான். அவர்களுக்கும் யாராவது அட்டை பிடித்திருப்பார்கள்.

சேகர் மாமா: கார்த்திக் சுப்பராஜ் நம்ம மதுரைக்காரர்.

சரவணன்: அட்டை பிடித்தவர் பெயரைச் சொல்லுங்கள் மாமா, பார்ப்போம்.

பிரவீன்: தேய்ப்பு வண்டி அண்ணனிடம் பேசிவிட்டேன். வண்டியைத் தருகிறார். ஞாயிறு அவருக்கு நல்ல துணி வரும் நாள், அது போய்விடும். அதனால் அவருடைய ஒருநாள் வருமானத்தைக் கொடுத்துவிடுவோம். முதல் செலவு அதுதான்.

தேவி அக்கா: எழுதிவிட்டேன். மதியச் சாப்பாட்டுக்கு அவரையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பிரவீன்: சாயங்காலம் மாமாவுக்குத் தேய்க்கச் சொல்லிக்கொடுத்தார். மாமா பெட்டியைத் தூக்கிய விதத்தைப் பார்த்து அவர் திரும்பி நின்று சிரித்தார்.

சேகர் மாமா: அது பித்தளைப் பெட்டி, உள்ளே கரி வேறு. ஏழு கிலோ இருக்கும். ஆனால் அவர் தூக்கவே இல்லை, கவனித்தாயா? தள்ளுகிறார், அது போகிறது. முனையை மட்டும் லேசாகத் தூக்கித் திருப்புகிறார். தண்ணீரை விரலால் ஒரு உதறு உதறினால் சட்டை முழுக்கச் சமமாகப் பூப்பூவாக விழுகிறது. நான் உதறினால் ஒரே இடத்தில் ஊற்றுகிறது.

ஜமால்: அதனால்தான் கை மட்டும் வரும் குளோசப்புக்கு அவர் கையையே வைத்துக்கொள்வோம். முகம் மாமா, கை அண்ணன்.

நான்சி: அப்படியென்றால் மாமா கையில் இருக்கும் நவரத்தின மோதிரத்தைக் கழற்ற வேண்டும். அண்ணன் கையில் மோதிரம் இல்லை.

சேகர் மாமா: அது கல்யாணத்தில் போட்டது. கழற்றியே பல வருடம் ஆகிறது. வரும் என்று தோன்றவில்லை.

விஜயா அத்தை: சோப்பு நுரையில் பத்து நிமிடம் விரலை ஊற வையுங்கள் அண்ணே. வராவிட்டால் தேங்காய் எண்ணெய்.

சேகர் மாமா (இரவு 10.20): வந்துவிட்டது. விரல் வீங்கிவிட்டது. மோதிரத்தை உள்ளே வைக்கும்போது மனைவி பார்த்த பார்வையை எடுத்திருந்தால் விருது நிச்சயம்.

சனி

நான்சி (மாலை 6.05): ஒரு பெரிய சிக்கல். நம் வண்டிக்கு எதிரே மாரியம்மன் கோயிலில் இப்போதுதான் மைக் செட் கட்டுகிறார்கள். நாளை ஆடி ஞாயிறு, கூழ் ஊற்றுகிறார்களாம். குழாய் ஸ்பீக்கர் இரண்டும் நேராக வேப்பமரத்தைப் பார்த்து இருக்கின்றன.

பிரவீன்: நாளையா? அடுத்த வாரம் இல்லையா?

விஜயா அத்தை: பத்து நாளாகத் தெருவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது பிரவீன். நானும் கூழுக்கு ஒரு படி கேழ்வரகு கொடுத்திருக்கிறேன்.

சரவணன்: பாட்டு பின்னாடி ஓடினால் என்ன? தெரு மாதிரிதானே இருக்கும்? இயல்பாக இருக்கும்.

நான்சி: இரண்டு பிரச்சினை அண்ணா. ஒரே காட்சியை ஏழெட்டு ஷாட்டாக எடுத்துச் சேர்க்கிறோம். இந்த ஷாட்டில் ஈஸ்வரி அம்மா பல்லவி பாடிக்கொண்டிருப்பார், அடுத்த ஷாட்டுக்கு வெட்டினால் வேறு பாட்டில் சரணம் போய்க்கொண்டிருக்கும். மாமா ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் பாட்டு மூன்று தடவை குதிக்கும். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால்கூட ஆட்கள் பொறுத்துக்கொள்வார்கள், சத்தம் குதித்தால் உடனே மூடிவிடுவார்கள். இரண்டாவது, யூடியூபில் ஏற்றியதும் கன்டென்ட் ஐடி என்கிற தானியங்கிச் சோதனை அந்தப் பாட்டைக் கண்டுபிடிக்கும். பின்னணியில் மெலிதாகக் கேட்டாலும் விடாது. விளம்பரக் காசு பாட்டு உரிமைக்காரருக்குப் போகும், இல்லையென்றால் வீடியோவையே தடுப்பார்கள்.

சரவணன்: நமக்கு விளம்பரக் காசு வருகிற மாதிரிதான் பேசுகிறாய்.

ஜமால்: காலர் மைக் வைத்தால்?

நான்சி: காலர் மைக் மாமா குரலோடு சேர்த்துக் குழாயையும் எடுக்கும். அது இருபது அடியில் இருக்கிறது.

தேவி அக்கா: இரவு 10-லிருந்து காலை 6 வரை ஒலிபெருக்கி போடக்கூடாது, சட்டமே இருக்கிறது. 6-க்கு முன்னால் வசனத்தை மட்டும் எடுத்துவிடலாமே?

ஜமால்: அக்கா, இப்போது சூரியன் உதிப்பதே 6 மணி சுமாருக்குத்தான். அமைதி இருக்கும்போது வெளிச்சம் இல்லை, வெளிச்சம் வரும்போது அமைதி இல்லை.

பிரவீன்: மைக் செட் அண்ணனிடம் பேசிப் பார்க்கிறேன்.

பிரவீன் (இரவு 8.30): பேசினேன். "பூசாரி சொன்னால் நிறுத்துகிறேன்" என்றார். பூசாரியிடம் போனேன். "அம்மன் சொன்னால் நிறுத்துகிறேன்" என்றார். இதற்கு மேல் யாரிடம் போவது?

சேகர் மாமா: டப்பிங் பேசிக்கொள்ளலாமே? எங்கள் காலத்தில் எல்லாப் படமும் அப்படித்தானே.

நான்சி: பேசலாம் மாமா. ஆனால் வாயசைவுக்கு ஒட்டப் பேசுவது பழக்கம் இல்லாதவர்களுக்குக் கஷ்டம், வீட்டு அறையில் பேசினால் எதிரொலி தெருவோடு ஒட்டாது.

பிரவீன் (இரவு 11.10): எல்லோரும் தூங்கியிருப்பீர்கள். காலையில் பாருங்கள். வசனம் முழுவதையும் எடுத்துவிட்டேன். புதுத் திரைக்கதை 4 பக்கம். யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. விஜயா அத்தை துணிக்கட்டை வைப்பார். மாமா எண்ணுவார், மறுபடி எண்ணுவார். அத்தை வேறு பக்கம் பார்ப்பார். அவ்வளவுதான். சத்தத்தைப் பிறகு தனியாகச் சேர்ப்போம்.

நான்சி: நான் தூங்கவில்லை அண்ணா. இதுதான் படம்.

சேகர் மாமா: நானும் தூங்கவில்லை. ஒரு பக்கம் முழுக்க மனப்பாடம் செய்திருந்தேன். இப்போது அதை வைத்து நான் என்ன செய்வது?

ஜமால்: கூழ் வரிசையில் நின்று சொல்லுங்கள் மாமா, மைக் பக்கத்திலேயே இருக்கிறது.

ஞாயிறு

தேவி அக்கா (காலை 5.50): இட்லி 30, வடை 12, பிளாஸ்க்கில் டீ வந்துவிட்டது. சரவணனும் தெர்மாகோலும்தான் வரவில்லை.

சரவணன் (காலை 6.40): வந்துகொண்டே இருக்கிறேன். பைக்கில் தெர்மாகோல் வைத்து ஓட்டிப் பாருங்கள், காற்று வண்டியையே திருப்புகிறது.

ஜமால்: எல்லோரும் போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள் என்று சொல்ல வந்தேன். குறிப்பாக நான். நல்ல டேக் ஒன்றில் சரியாக உம்மா அழைத்து ரெக்கார்டிங் நின்றுவிட்டது.

நான்சி (காலை 9.10): மாமா, இப்போது எடுத்த படத்தையும் முதல் ஷாட் படத்தையும் அனுப்பியிருக்கிறேன். நெற்றியைப் பாருங்கள். முதல் ஷாட்டில் மூன்று பட்டை பளிச்சென்று இருக்கிறது. ஆறாவது ஷாட்டில் இரண்டு. இப்போது ஒன்றுகூட இல்லை, வேர்வையைத் துடைத்துக்கொண்டே இருக்கிறீர்கள். கதைப்படி எல்லாம் ஒரே ஐந்து நிமிடத்தில் நடக்கிறது.

சேகர் மாமா: கரிப் பெட்டிக்கு முன்னால் நின்று பார் நான்சி, பட்டை என்ன, நெற்றியே கரைகிறது.

நான்சி: கோயிலில் விபூதி வாங்கி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் நானே போட்டுவிடுகிறேன். துண்டால் ஒற்றுங்கள், துடைக்காதீர்கள்.

விஜயா அத்தை: சர்ச்சுக்குப் போகிற பிள்ளை விபூதி போட்டுவிடுகிறது, ஜமால் கோயில் கூழைக் குடித்துக்கொண்டு கேமரா பிடிக்கிறான். நம் தெரு நம் தெருதான்.

ஜமால்: இன்னொரு டம்ளர் கிடைக்குமா அத்தை?

பிரவீன் (மதியம் 1.30): முகம் வரும் ஷாட் எல்லாம் முடிந்தது. இப்போது கை. அண்ணன் பெட்டியைத் திறந்து விசிறியதும் சாம்பல் பறந்து உள்ளே கரி செக்கச்செவேல் என்று தெரிந்தது. ஜமால் அதை எடுத்திருக்கிறான். இந்த ஒரு ஷாட்டுக்காகவே படம் எடுக்கலாம்.

தேவி அக்கா (மாலை 5.45): பேக்கப், ஷூட்டிங் முடிந்தது. எல்லோருக்கும் பருத்திப்பால் சொல்லியிருக்கிறேன். செலவு போக 140 ரூபாய் மீதி. சரவணன் 500 கொடுத்தால் 640.

அடுத்த வெள்ளி

நான்சி (இரவு 9.00): முதல் கட் தயார். 5 நிமிடம் 20 விநாடி. வீடியோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிக் கெடுத்துவிடும், அதனால் டாக்குமெண்டாக அனுப்புகிறேன். 2 ஜிபி வரை போகும். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். பெட்டி ஓடும் சத்தம், கரி பொரியும் சத்தம், தண்ணீர் உதறும் சத்தம் எல்லாம் புதன்கிழமை விடியற்காலையில் அண்ணன் வண்டியிலேயே தனியாகப் பதிவு செய்தது. சும்மா இருக்கிற தெருவின் சத்தத்தையும் ஒரு நிமிடம் எடுத்து எல்லா ஷாட்டுக்கும் அடியில் விரித்திருக்கிறேன், அதனால் வெட்டு தெரியாது.

விஜயா அத்தை: பார்த்தேன். அந்தச் சட்டையை எடுத்து முகர்ந்துவிட்டு பீரோவிலேயே திருப்பி வைக்கிற இடத்தில் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. நானா அது?

சேகர் மாமா: வசனம் இல்லாததும் ஒரு வகையில் சரிதான். ஒரு வகையில்தான்.

பிரவீன்: தேய்ப்பு அண்ணனிடம் போய்ப் போனில் காட்டினேன். முழுதாகப் பார்த்தார். "நன்றாக இருக்கிறது தம்பி, ஆனால் தப்பு" என்றார்.

ஜமால்: என்ன தப்பு?

பிரவீன்: சட்டையில் காலரைத்தான் முதலில் தேய்க்க வேண்டுமாம். அப்புறம் கை, அப்புறம்தான் உடம்பு. நம் படத்தில் முதலில் முதுகு, கடைசியில் காலர் வருகிறது. "இதை ஊரில் இருக்கிற தொழில்காரர்கள் பார்த்தால் என்னைத்தானே கேட்பார்கள்" என்கிறார்.

நான்சி: அவர் சரியான வரிசையில்தான் தேய்த்தார் அண்ணா. காலர் ஷாட் அழகாக இருந்தது என்று நாம்தான் கடைசிக்குத் தள்ளினோம். மாற்றிவிடுகிறேன், அரை மணி நேர வேலை. ஒரிஜினல் பைல்கள் இருக்கும் ஹார்ட் டிஸ்க் மட்டும் வேண்டும். அது சரவணன் அண்ணாவிடம் இருக்கிறது.

தேவி அக்கா: சரவணா?

சரவணன்: பத்திரமாக இருக்கிறது அக்கா. வண்டி டிக்கியில்.

ஜமால்: வண்டி எங்கே?

சரவணன்: சர்வீஸுக்கு விட்டிருக்கிறேன். திங்கள்தான் தருவார்கள்.