ஸ்பெஷல் பி.எட்.: தனியார் பல்கலையில் சேரலாமா?

மும்பையில யாராவது தனியார் பல்கலைல ஸ்பெஷல் பி.எட். (சிறப்புக் குழந்தைகளுக்குச் சொல்லித்தர்ற டீச்சர் படிப்பு) படிச்சிருக்கீங்களா? கொஞ்சம் வழி சொல்லுங்க.

நான் பி.எஸ்சி. முடிச்சிட்டு செம்பூர்ல ஒரு ஸ்கூல்ல ஷேடோ டீச்சரா, அதாவது கிளாஸ்ல ஒரு குழந்தை கூடவே இருந்து உதவற டீச்சரா இருக்கேன். நான் பாத்துக்கற பையனுக்கு ஆட்டிசம். பெல் அடிச்சா காதைப் பொத்திக்கிட்டு பெஞ்சுக்கு அடியில போயிடுவான். அடுத்து என்ன பீரியட்னு படத்தை முன்னாடியே காட்டிட்டா சமத்தா வருவான். இதையெல்லாம் முறையா படிக்கணும்.

பாந்த்ரா அலி யாவர் ஜங் நிறுவனத்துல பி.எட். இருக்கு, ஆனா அது செவித்திறன் குறைபாட்டுக்கு. எனக்கு வேண்டியது ஆட்டிசம், இல்லன்னா அறிவுசார் குறைபாடு. ஒரு தனியார் பல்கலைல விசாரிச்சேன். இந்தப் படிப்புகளுக்கு அனுமதி குடுத்து, படிச்சவங்களைப் பதிவு பண்ற இந்திய மறுவாழ்வு கவுன்சிலோட (ஆர்.சி.ஐ.) அனுமதி எந்தப் பிரிவுக்கு, எந்த வருஷத்துக்குன்னு கேட்டா, "எல்லாம் இருக்கு மேடம், சீட்டை பிளாக் பண்ணுங்க"ங்கறாங்க. அனுமதி இல்லாத கோர்ஸ்னா ஆர்.சி.ஐ. பதிவு கிடைக்காது, அப்புறம் ரெண்டு வருஷப் படிப்பும் வீண்தானே?

படிச்சவங்க சொல்லுங்க: பிராக்டிகலுக்கு நிஜமாவே ஸ்பெஷல் ஸ்கூலுக்கு அனுப்பினாங்களா, இல்ல ரெக்கார்டு நோட்டோட சரியா? ஃபீஸ் போக வேற என்னென்ன பிடுங்குவாங்க? வேலையை விடாம சமாளிக்க முடியுமா? பேர் சொல்லத் தயக்கம்னா இன்பாக்ஸ்ல வாங்க. அட்வான்ஸ் கேட்டு தினம் போன் பண்றாங்க, அதான் அவசரம்.