போகாஸ்தெல் சிவப்பு, போகாஸ்தெல் வெள்ளை: எதோடு குடித்தீர்கள்?

ரோன்கரையான், அவிஞோன்

தெற்குப் பிரான்ஸின் ஒயின் ஊரான ஷாத்தோநெஃப்-து-பாப் என்றாலே எங்கள் உணவகத்துக்கு வருபவர்கள் சிவப்பு ஒயினைத்தான் கேட்கிறார்கள். அந்த ஊரில் வெள்ளையும் உண்டு என்று சொன்னால் சிலர் நம்புவதில்லை. அவர்கள்மேல் குற்றமில்லை, அங்கே தயாராவதில் பத்தில் ஒரு பங்குகூட வெள்ளை கிடையாது. ரோஸே (இளஞ்சிவப்பு ஒயின்) அறவே கிடையாது, விதியே இடம் தராது. பரிமாறும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: சாப்பாட்டோடு சேர்த்துப் பார்த்தால் என் ஓட்டு வெள்ளைக்கு. ஒத்துக்கொள்ளாதவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம்.

நான் சொல்லப்போவது அங்குள்ள ஷாத்தோ போகாஸ்தெல் என்ற ஒயின் தோட்டம் பற்றி. அவிஞோனிலிருந்து ஓரஞ்ச் போகும் வழியில், கூர்த்தேஸோன் பக்கம் இருக்கிறது. தோட்டத்தில் நின்றால் ஏ7 நெடுஞ்சாலையின் லாரிச் சத்தம் கேட்கும். 1909-இல் இதை வாங்கியவரின் வழிவந்த பெரேன் குடும்பம்தான் இன்றைக்கும் நடத்துகிறது. முன்பதிவு செய்துவிட்டுப் போயிருந்தேன். கொடிகளுக்கு இடையில் மண் என்று ஒன்று கண்ணில் படவில்லை, எல்லாம் உருண்டைக் கூழாங்கற்கள், சில தேங்காய் அளவுக்கு. ரோன் நதி ஆதிகாலத்தில் ஆல்ப்ஸிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து போட்டவை. வெயில் சாய்ந்த பிறகு ஒன்றைக் கையில் எடுத்தேன், அப்போதும் சுட்டது. பகலில் வாங்கிய சூட்டை இரவில் கொடிக்குத் திருப்பிக் கொடுக்கும். அடியில் இருக்கும் களிமண்ணின் ஈரத்தையும் காக்கும். (அந்த ஊர் முழுக்கக் கல் என்று நினைக்க வேண்டாம். பெயர்பெற்ற ஷாத்தோ ராயாஸ் இருப்பது மணலில்.)

இந்த ஊர் ஒயினுக்கு 13 வகைத் திராட்சை அனுமதி. பலர் கிரெநாஷை மட்டும் நம்பி மற்றதைத் தொட்டுக்கொள்வதோடு சரி. போகாஸ்தெல்காரர்கள் பதின்மூன்றையும் வளர்க்கிறார்கள். சிவப்பில் மூர்வெத்ர் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வரும். கடைசியாகப் பழுக்கும், தடித்த தோல் கொண்ட திராட்சை அது. அதனால் இளம் பாட்டிலில் துவர்ப்பு பலமாக இருக்கும். வயதான பாட்டிலில் தோல், காட்டு மூலிகை, மழைக்குப் பிந்தைய காட்டுத் தரை என்று வாசனை மாறிக்கொண்டே போகும். 1950-இல் ரசாயன உரத்தையும் மருந்தையும் விட்டவர்கள், 1974-இல் பயோடைனமிக் முறைக்கு (நிலா, கோள்களின் நிலையையும் பார்த்துச் செய்யும் இயற்கைச் சாகுபடி) போனார்கள். அந்தக் காலத்தில் அக்கம்பக்கத்தார் சிரித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இந்தச் சிவப்புக்கு எங்கள் சமையலறை தருவது தோப். மாட்டிறைச்சியைச் சிவப்பு ஒயின், பூண்டு, தைம், ஆரஞ்சுத் தோல் போட்டு முதல் நாளே ஊறவைத்து, மறுநாள் மிகச் சின்னத் தீயில் மணிக்கணக்காக வேகவைப்பது. இறைச்சியின் பசை போன்ற கொழுப்பு நாக்கில் ஒட்டும்போது, துவர்ப்பு வந்து அதைத் துடைத்துவிடும். ஆட்டுத் தோள்கறியை ரோஸ்மேரியோடு சுட்டாலும் சரிதான். இதில் புதுமை ஒன்றும் இல்லை, நூறு வருடமாகச் சாப்பிடுகிறார்கள்.

வெள்ளை வேறு கதை. ஐந்தில் நான்கு பங்கு ரூஸான் திராட்சை. தேன், வாதுமை, பழுத்த பேரிக்காய் வாசனை. நாக்கில் எண்ணெய் போலக் கனமாக நிற்கும், புளிப்பு குறைவு. குங்குமப்பூ போட்ட மாங்க்ஃபிஷ் குழம்புக்கு இதை ஊற்றிக் கொடுத்தேன். ஒரு மேசையில் சிவப்புப் பாட்டில் பாதியில் நின்றது, வெள்ளை காலியாகிவிட்டது.

உங்கள் அனுபவம் என்ன?

பாரிஸ் வடக்கு

அண்ணா, நான் லா ஷப்பேல் பக்கம். எங்கள் வீட்டில் வைன் என்றால் சிவப்பு, சிவப்பு என்றால் ஆட்டிறைச்சிக் கறி. வேலையிடத்தில் முதலாளி நத்தாருக்கு (கிறிஸ்துமஸுக்கு) ஒரு போகாஸ்தெல் சிவப்புத் தந்தார். ஆசையாகத் திறந்து, யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் போட்ட கறியோடு குடித்தோம். வாய் எரிந்தது! கறியின் உறைப்பு இரண்டு மடங்கானது போல இருந்தது, வைனில் இருந்த பழச்சுவை ஒன்றும் தெரியவில்லை. மச்சான் "இதற்கா இவ்வளவு விலை" என்று கேட்டுவிட்டு பியருக்குப் போய்விட்டார். மிச்சம் இருந்த வைனை அடுத்த நாள் உறைப்பில்லாத கோழி ரோஸ்டோடு குடித்தேன், அப்போதுதான் அது என்ன சாமான் என்று விளங்கியது.

மொம்பெலியே மாணவி

அண்ணா, அதற்குக் காரணம் இருக்கிறது. ஆல்கஹால் கூடக்கூட மிளகாயின் எரிச்சலை நாக்கு கூடுதலாக உணரும். ஷாத்தோநெஃப் சிவப்பு சாதாரணமாக 14, 14.5 சதவீதத்தில் இருக்கும், சில ஆண்டுகளில் 15-உம் தொடும். அதற்கு மேல் துவர்ப்பு வேறு. எரிகிற வாயில் துவர்ப்பு இன்னும் கரடுமுரடாகத் தெரியும். காரமான கறிக்கு ஆல்கஹால் குறைந்த, கொஞ்சம் இனிப்பு மிச்சமுள்ள வெள்ளைதான் நல்லது. அல்சாஸ் பக்கம் தேடுங்கள்.

நான் திராட்சைச் சாகுபடி படிக்கிறேன், அதனால் ரோன்கரையான் அண்ணாவோடு கொஞ்சம் சண்டையும் போட வேண்டியிருக்கிறது. புளிப்பு குறைவு என்று நீங்கள் ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள், பிரச்சினையே அங்குதான். இங்கே ‘தோ’ என்ற ஏரியின் கரையில் பூஸீக் சிப்பி பிரபலம். போகாஸ்தெல்லுடைய கூதூலே வெள்ளையை (அதே குடும்பம், நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கத் தோட்டம்) தோழிகளோடு பச்சைச் சிப்பிக்கு ஊற்றினோம். சிப்பியின் கடலுப்பு ஒரு பக்கம், ஒயினின் தேன் ஒரு பக்கம், இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. சிப்பிக்கு எலுமிச்சை பிழிவது எதற்கு, புளிப்புக்குத்தானே? அந்த வேலையை இந்த வெள்ளை செய்யாது. அதே ஏரிக்கரையில் விளையும் பிக்பூல் என்ற வெள்ளை ஒயின் செய்யும், அதுவும் நாலில் ஒரு பங்கு விலையில்.

ஆனால் பாலாடைக்கட்டி விஷயத்தில் உங்கள் கட்சி. ஆட்டுப்பால் கட்டிக்குச் சிவப்பு ஒயின் என்று யார் ஆரம்பித்தார்களோ தெரியவில்லை. கட்டியின் புளிப்பில் துவர்ப்பு பட்டதும் ஒரு உலோகச் சுவை வருகிறது. பனோன் கட்டி வாங்கிப் பாருங்கள்: கஷ்டானியர் (செஸ்ட்நட் மரம்) இலையில் சுற்றி நாரால் கட்டியிருப்பார்கள். நாரை அவிழ்த்து இலையைப் பிரித்தால், நன்றாகப் பழுத்த கட்டி கரண்டியால் அள்ளும் பதத்துக்கு ஓடும். அதற்கு இந்த வெள்ளைதான்.

பாரிஸ் வடக்கு

தங்கச்சி சொன்னதைக் கேட்டு, கூதூலே வெள்ளை ஒன்று வாங்கி மீன் சொதியோடு எடுத்தோம். பச்சை மிளகாயைக் குறைத்து, தேங்காய்ப்பாலைக் கூட்டி அம்மா வைத்தா. அற்புதம். பாலின் கொழுப்பும் வைனின் கனமும் ஒரே உயரத்தில் நின்றன. தேசிக்காயை மட்டும் கடைசியில் விடாமல் இருப்பது நல்லது, புளித்தால் வைன் தட்டையாகிவிடுகிறது.

துலூஸ் மாமா

எல்லோருக்கும் வணக்கம். பூர்வீகம் புதுச்சேரி, இங்கே வந்து வயதாகிவிட்டது. பாட்டிலைவிட வெப்பநிலை முக்கியம் என்பது என் கட்சி. ஜூலை மாதம், தெற்கே ஒரு உணவகத்தின் முற்றத்தில் இந்தச் சிவப்பைக் கொண்டுவந்து வைத்தார்கள். அறை வெப்பநிலையில் பரிமாறுவதுதான் முறையாம். அறை வெப்பநிலை என்று எழுதி வைத்த காலத்தில் அறைகள் 17, 18 டிகிரி. அன்றைக்கு முற்றம் 34. முதல் வாயில் ஆல்கஹால் மட்டும் மூக்கில் ஏறியது. ஐஸ் வாளி கேட்டேன், பணியாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கால் மணி நேரம் வாளியில் வைத்த பிறகு அதே பாட்டிலிலிருந்து செர்ரியும் மிளகும் வந்தன. 16, 17 டிகிரி போதும்.

வெள்ளைக்கு இதற்கு நேர்மாறான கொடுமை நடக்கிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து 5 டிகிரியில் ஊற்றினால் வெறும் குளிர்ச்சிதான். 12-க்கு வரட்டும்.

சாப்பாடு பற்றிக் கேட்டால், காட்டுப்பன்றி. என் மருமகன் வேட்டைக்காரர், குளிர்காலத்தில் ஒரு தொடை கொடுத்துவிடுவார். ஒயினில் ஊறவைத்துச் செய்கிற சிவே குழம்புக்கு, பத்து வயது தாண்டிய போகாஸ்தெல்லுக்கு மேல் ஒன்றும் கிடையாது. எங்கள் ஊர்க் கசூலேக்கு மட்டும் இதைத் திறக்காதீர்கள். வாத்துக் கொழுப்பும் வெள்ளை அவரையும் சேர்ந்த அந்தக் கனத்துக்கு மதிரான் என்ற சிவப்பு ஒயினின் முரட்டுத் துவர்ப்புதான் ஈடுகொடுக்கும். ஷாத்தோநெஃப்பின் பழச்சுவை அதில் மூழ்கிப்போகும்.

இன்னொன்று. வெள்ளையை வாங்கி ஐந்தாறு வருடம் வைத்துத் திறந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எனக்கு ஒரு தடவை வாசனையே இல்லாமல், கொஞ்சம் பழுப்பேறி வந்தது. கெட்டுவிட்டதென்று சாஸில் ஊற்றிவிட்டேன்.

மொம்பெலியே மாணவி

மாமா, பாதி அநியாயம் பண்ணிவிட்டீர்கள்! ரூஸான் அப்படித்தான். முதல் மூன்று நான்கு வருடம் நன்றாகப் பேசும். அப்புறம் சில வருடம் வாயை மூடிக்கொள்ளும். பத்து வயதை ஒட்டித் திரும்பவும் திறக்கும், அப்போது தேன்மெழுகு, வறுத்த கொட்டை, உலர்ந்த மூலிகை என்று வேறு ஆளாக வரும். நிறம் ஆழமாவதும் இயல்பு. வாங்கியதும் குடியுங்கள், இல்லையென்றால் பத்து வருடம் மறந்துவிடுங்கள்.

லியோன் ரயில்

சாப்பாட்டுக்குச் சம்பந்தமில்லாத ஒரு கொசுறு. ஷாத்தோநெஃப்-து-பாப் நகராட்சி 1954-இல் ஒரு ஆணை போட்டது: பறக்கும் தட்டுகள் ஊர் எல்லைக்குள் இறங்கவோ, மேலே பறக்கவோ கூடாது, மீறினால் பறிமுதல். விளம்பரத்துக்காகத்தான். ஆனால் இன்றுவரை ஒரு தட்டும் இறங்கவில்லை, ஆணை வேலை செய்கிறது.

என் அனுபவம் சின்னது. கூதூலே சிவப்பும் ஒரு சாதாரண ரத்ததூய்யும். கத்திரிக்காய், தக்காளி, கோர்ஜெத் (சுக்கினி) எல்லாம் தனித்தனியே வதக்கிச் சேர்த்தது. நான் சைவம் என்பதால் இறைச்சி இல்லாமல் இந்த ஒயின் எடுபடுமா என்று சந்தேகம் இருந்தது. கத்திரிக்காயை நன்றாகக் கருகும் வரை சுட்டால் எடுபடுகிறது. காளானும் அப்படியே.

ரோன்கரையான், அவிஞோன்

சிப்பி விஷயத்தில் தங்கச்சிக்கு விட்டுக்கொடுக்கிறேன், வாதாட ஒன்றும் இல்லை. கூதூலே பற்றி மூன்று பேரும் சொன்னது நல்லதாயிற்று. சட்டப்படி அது கோத் து ரோன் (ரோன் பகுதி ஒயின்களுக்கான பொதுப்பெயர்), அதனால் விலை வெகு குறைவு. மண் கிட்டத்தட்ட அதே மண், நடுவில் ஏ7 ஓடுகிறது, அவ்வளவுதான். முதல் முறை வாங்குபவர்கள் இதிலிருந்து தொடங்குங்கள்.

மாமா கேட்ட வயதான வெள்ளைக்கு ஒரு சாப்பாடு இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக முடியாது. வோக்லூஸ் மாவட்டத்தில் ரிஷ்ரான்ஷ் என்று ஒரு சின்ன ஊர். குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமை காலையில் கறுப்பு ட்ரஃபிள் (மண்ணுக்கடியில் விளையும் வாசனைக் காளான்) சந்தை. வியாபாரிகள் கார் டிக்கியைத் திறந்து வைத்து, தாழ்ந்த குரலில் விலை பேசிக்கொண்டிருப்பார்கள். ஜனவரி மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அங்கே தேவாலயத்தில் ட்ரஃபிளுக்கென்றே பூசை நடக்கும், காணிக்கைத் தட்டில் காசோடு ட்ரஃபிளும் விழும்.

சின்ன ட்ரஃபிள் ஒன்று போதும். முட்டையோடு மூடிய டப்பாவில் ஓர் இரவு வைத்துவிடுங்கள், ஓட்டைத் தாண்டி வாசனை உள்ளே போய்விடும். மறுநாள் முட்டையை அடித்து, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரம் வைத்து, வெண்ணெய் போட்டு மரக்கரண்டியால் நிறுத்தாமல் கிளறுங்கள். கெட்டியாகிறதே என்று தோன்றும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறக்கிவிட வேண்டும், கஞ்சிப் பதம். அதன்மேல் ட்ரஃபிளைச் சீவிப் போட்டு, பத்து வயது தாண்டிய போகாஸ்தெல் வெள்ளை. இதே தோட்டத்தில் பழைய கொடிகளிலிருந்து ரூஸான் மட்டும் வைத்து எடுக்கும் தனி ஒயினும் உண்டு. கிடைத்து, பணமும் இருந்தால் அது. முட்டை சிவப்பு ஒயினோடு சேரவே சேராது என்று சொல்வார்கள், இந்த ஒரு தட்டில் அது முழு உண்மை.

பாரிஸ் தம்பி நத்தார் பற்றிச் சொன்னதால் ஒன்று. இங்கே ப்ரோவான்ஸில் நத்தார் இரவு 13 இனிப்பு வைப்பார்கள்: உலர்ந்த அத்தி, பாதாம், நுகா, எண்ணெய் போட்ட ரொட்டி என்று. ஒயினிலும் 13, தட்டிலும் 13 என்று சிலர் சிவப்பு ஷாத்தோநெஃப்பை அதோடு திறக்கிறார்கள். இனிப்பு பட்டதும் ஒயின் கசக்கும். பாட்டிலைத் தோபோடு முடித்துவிட்டு, இனிப்புக்கு போம்-து-வெனீஸ் மஸ்கா என்ற இனிப்பு ஒயினை எடுங்கள். ட்ரஃபிள் முட்டையை யாராவது செய்து பார்த்தால் என்ன வருடத்துப் பாட்டில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.