மார்பக எம்ஆர்ஐயில் கர்வ் டைப் 1 வந்துவிட்டால் பயாப்சி வேண்டாமா?

கேள்வி:
மேமோகிராமில் பைராட்ஸ் 4 (புற்றுச் சந்தேகம்) என்று வந்த 11 மி.மீ. கட்டி. கான்ட்ராஸ்ட் எம்ஆர்ஐயில் ஓரம் ஒழுங்காக இல்லை. ஆனால் கர்வ் (கட்டியில் கான்ட்ராஸ்ட் மருந்து நேரப்போக்கில் ஏறி இறங்குவதைக் காட்டும் வரைகோடு) டைப் 1, கடைசிவரை ஏறிக்கொண்டே போகிறது. சப்ட்ராக்‌ஷன் படத்தில் (மருந்துக்குப் பிந்தைய படத்திலிருந்து முந்தையதைக் கழித்தது) விளிம்போரம் வெள்ளைக் கோடுகளும் தெரிகின்றன. பினைன் (புற்று அல்ல) என்று ரிப்போர்ட் எழுதலாமா? 1.5 டெஸ்லா, மாதவிடாய்ச் சுழற்சியின் 24-ஆம் நாள், எடை 60 கிலோ, கான்ட்ராஸ்ட் மருந்து காடோடெரேட் 6 மி.லி.

பதில் 1:
கூடாது. வடிவம் முதலில், கர்வ் அதற்குப் பிறகுதான். மியூசினஸ் கார்சினோமா, டிசிஐஎஸ் (பால் குழாய்க்குள்ளேயே நிற்கும் ஆரம்பநிலைப் புற்று), லோபுலர் புற்று எல்லாமே டைப் 1-ல் வரக்கூடியவை. தலைகீழாகவும் ஏமாற்றும்: மார்பகத்துக்குள் இருக்கும் நிணநீர்க் கணு டைப் 3 (வாஷ்அவுட்: வேகமாக ஏறிப் பிறகு இறங்கும் கர்வ்) காட்டும், அவரைவிதை வடிவமும் நடுவில் கொழுப்பும் தெரிந்தால் கவலை இல்லை. ஆர்ஓஐ (கர்வுக்காக அளக்கத் தேர்ந்தெடுக்கும் இடம்) எங்கே வைத்தீர்கள்? கட்டி முழுவதையும் வளைத்துப் போட்டால் சராசரியில் வாஷ்அவுட் மறைந்துவிடும். முதல் 2 நிமிடத்தில் வேகமாக ஏறிய இடத்தில், 3 பிக்சலுக்குக் குறையாமல், சின்னதாக வையுங்கள்.

பதில் 2:
டோஸை யாரும் கவனிக்கவில்லையா? கிலோவுக்கு 0.1 மில்லிமோல் வேண்டும். காடோடெரேட் ஒரு மி.லி.யில் 0.5 மில்லிமோல்தான், 60 கிலோவுக்கு 12 மி.லி. 6 மி.லி. என்பது இருமடங்கு செறிவுள்ள காடோபுட்ரால் மருந்தின் கணக்கு. ஆக, போனது பாதி டோஸ். இந்தக் கர்வை நம்பி எதுவும் எழுதாதீர்கள். நொடிக்கு 2 மி.லி. வேகம், பின்னால் 20 மி.லி. சலைன். 24-ஆம் நாள் என்பதால் சாதாரணத் திசுவும் ஒளிர்ந்திருக்கும். ஸ்கிரீனிங் என்றால் 7 முதல் 14-ஆம் நாளுக்குள் எடுக்கலாம். சந்தேகக் கட்டிக்கு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

பதில் 3:
வெள்ளைக் கோடு அசைவால் வருவது. கான்ட்ராஸ்டுக்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சப்ட்ராக்‌ஷனை மட்டும் நம்பினால் அந்தக் கோடுகளையே கட்டி என்று எழுத நேரும். நோயாளியைக் கவிழ்த்துப் படுக்க வைக்கும் முன்பே கையில் கான்யூலாவை (மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) போடுங்கள். மருந்து ஏறும்போது கை சில்லிடும் என்று முன்கூட்டியே சொன்னால் திடுக்கிட மாட்டார்கள். அசையாமலிருக்கக் காயிலில் (மார்பகத்தை வைக்கும் எம்ஆர்ஐ கருவிப் பகுதி) இறுக்கி அமுக்குவதும் தப்பு, ரத்த ஓட்டம் குறைந்து கட்டியே மங்கும். ஆக்சியலில் (குறுக்குவெட்டுப் படம்) ஃபேஸ் என்கோடிங் (அசைவின் தடம் படத்தில் பரவும் திசை) இட-வலமாக இருக்கட்டும்; இல்லாவிட்டால் இதயத் துடிப்பு மார்பகத்தின் மேல் விழும்.

கேள்வி கேட்டவர்:
டோஸ் தப்புதான், நன்றி. மறுபடி ஸ்கேனா, நேரே பயாப்சியா?

பதில் 1:
நேரே பயாப்சி. அல்ட்ராசவுண்டில் தெரிந்தால் 14 கேஜ் கோர் நீடில் போதும். முழு டோஸில் மறு எம்ஆர்ஐ, புற்று என்று உறுதியாகி, பரவல் எவ்வளவு என்று சர்ஜன் கேட்டால் மட்டும்.