பின்னந்தலைப் புடைப்பை விரலால் உணர்வது எப்படி?

கேள்வி – பயிற்சி மாணவி

வணக்கம். மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. பதிவுப் பயிற்சியில் இருக்கிறேன். மின்முனைகள் வைப்பதற்காகத் தலையை அளக்கும்போது, இரு கண்களுக்கு நடுவே மூக்கு தொடங்கும் பள்ளமான நேசியான் உடனே விரலுக்குத் தட்டுப்படுகிறது. ஆனால் பின்னந்தலையில் உள்ள இனியான் என்னும் புடைப்பு, குறிப்பாகப் பெண்களிடம், பிடிபடுவதில்லை. நேற்று ஒரே தலையில் நேசியானிலிருந்து இனியான் வரை இருமுறை அளந்தபோது 36 செ.மீ. என்றும் 38 செ.மீ. என்றும் வந்தது. இவ்வளவு வேறுபாடு பொறுக்கத்தக்கதா?

பதில் – மூத்த தொழில்நுட்பர்

பொறுக்கத்தக்கதன்று. மின்முனைகளின் இடங்களைக் குறிக்க நரம்பியல் அறிஞர் ஜாஸ்பர் 1958இல் வெளியிட்ட பத்து-இருபது முறையில் எல்லா இடங்களும் மொத்த நீளத்தின் விழுக்காடாகவே வருவதால், ஒரு முனை பிசகினால் நடுக்கோடு முழுவதும் நகரும். உண்மை அளவு 36 என்றால் பாதித் தொலைவில் உள்ள உச்சிப்புள்ளி 18 செ.மீ.யில் அமையும், 38 என்று எடுத்தால் 1 செ.மீ. பின்னே போகும். 90 விழுக்காட்டில் வரும் பின்தலை மின்முனையோ 1.8 செ.மீ. கீழே இறங்கிக் கழுத்துத் தசையை நெருங்கிவிடும். கண்மூடி ஓய்ந்திருக்கும்போது எழும் மூளை அலையான ஆல்ஃபாவைத் தெளிவாகக் காண வேண்டிய இடத்தில் தசை இரைச்சல் கலக்கும்.

நோயாளியின் தலையைச் சற்றே பின்னே சாய்க்கச் சொல்லுங்கள். கழுத்துத் தசை தளரும். பின்னல் அல்லது கொண்டை இருந்தால் முதலில் அவிழ்த்துவிட வேண்டும். பிடரிக் குழியில் நடுவிரலை வைத்து, அழுத்தம் மாறாமல் மெல்ல மேலே நகர்த்துங்கள். மெத்தென்ற தசை முடிந்து விரல் எலும்பின் மேல் ஏறும். அங்கேயே நின்றுவிடாமல் நடுக்கோட்டில் இன்னும் மேலே தடவி, மிகவும் துருத்திய முனையைக் குறியுங்கள்.

பதில் – உடற்கூறியல் ஆசிரியர்

பொதுவாகப் பெண்களிடம் இப்புடைப்பு ஆண்களைவிடச் சிறியது. எனவே தவறு உங்கள் விரலில் மட்டும் இல்லை. முனையே தெரியாவிட்டால், இரு காதுகளுக்கும் பின்னால் உள்ள கெட்டியான எலும்பு மேட்டிலிருந்து உள்நோக்கித் தடவுங்கள். கழுத்துத் தசைகள் பற்றியிருக்கும் மெல்லிய வரம்பு இருபுறமிருந்தும் வந்து சந்திக்கும் இடமே நீங்கள் தேடுவது.

பதில் – மூத்த தொழில்நுட்பர்

தலையைக் குறுக்காக அளக்கத் தேவையான, காதுக்கு முன்னுள்ள புள்ளியையும் இவ்வாறே விரலால் உறுதி செய்யலாம். காதுத் துளையை மறைக்கும் சிறு மடலுக்குச் சற்று முன்னே விரலை வைத்து வாயைத் திறக்கச் சொன்னால், தாடை எலும்பு முன்னே நழுவி ஒரு பள்ளம் தோன்றும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. இன்று தோழி ஒருத்தியின் தலையில் அப்படியே செய்து பார்த்தேன். இதுவரை தசை முடியும் விளிம்பையே முனையென்று குறித்து வந்திருக்கிறேன் என்பது புரிந்தது. இன்று மூன்று முறையும் 35 செ.மீ. என்றே வந்தது.