மெம்பிரேன் பவுண்ட் ஓர்கனெல்: தமிழில என்னெண்டு போடுறது?

வெள்ளவத்தையிலிருந்து:
எல்லாருக்கும் வணக்கம். ஏ.எல் (உயர்தர) பிள்ளையளின்ர கலப் (செல்) பாட டியூட், அதாவது பாடக்குறிப்பு, ஒண்டை இங்கிலிஷில இருந்து தமிழாக்கிறன், நாளைக்குப் பின்னேரம் பிரிண்டுக்குப் போகவேணும். இழைமணி (மைற்றோகொண்ட்ரியன்), பச்சையவுருமணி (குளோரோபிளாஸ்ற்), புன்வெற்றிடம் (வக்கியூல்) எல்லாம் பாடப்புத்தகத்தில உள்ளபடி போட்டாச்சு. "மெம்பிரேன் பவுண்ட் ஓர்கனெல்", அதாவது மென்சவ்வு (மெம்பிரேன்) சுத்தியிருக்கிற, கலத்துக்குள்ள உள்ள சின்ன உறுப்புகள், எண்ட தலைப்பிலதான் நிக்கிறன். ஓர்கனெலுக்குப் பாடப்புத்தகச் சொல் புன்னங்கம். "மென்சவ்வால் சூழப்பட்ட புன்னங்கம்" எண்டா அட்டவணைக் கட்டத்துக்குள்ள அடங்குதில்லை, "சவ்வுப்பிணைப் புன்னங்கம்" எண்டு போடட்டோ?

தெகிவளையிலிருந்து:
பிள்ளை, பிணை வேண்டாம். அந்த பவுண்ட் கட்டுறதைச் சொல்லேல்லை, எல்லையைச் சொல்லுது. புரதம் செய்யிற இறைபோசோம் (ரைபோசோம்), கலத்துக்குள்ள இருக்கிற சிறுவலை எண்ட மென்சவ்வு வலையின்ர வெளிப்பக்கத்தில ஒட்டிக்கொண்டு நிக்கும், ஆனா அதைச் சுத்தி மென்சவ்வே கிடையாது. பிணை எண்டு போட்டா வகுப்பில அரைவாசி அதையும் பட்டியலில சேர்த்து எழுதிப்போட்டு வரும். "சவ்வுறைப் புன்னங்கம்" நல்லாயிருக்கும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
சேர், பிணையோ உறையோ பிறகு பாப்பம், முதல்ல அந்தப் புன்னங்கத்தைத் தூக்குங்கோ. அங்கம் வடசொல், புன் எண்டா இழிவு, புன்மையை வள்ளுவர் 329 ஆம் குறளில கொலைவினையரோட கொண்டுபோய் வைக்கிறார். கலம் முழுக்கச் சக்தி குடுக்கிற இழைமணிக்கு இந்தப் பேரோ? நுண்ணுறுப்பு எண்டு வடிவான சொல் இருக்கு. சவ்வும் தமிழ்தான், சவ்வரிசியைக் காய்ச்சிப் பாத்தா விளங்கும்.

பம்பலப்பிட்டியிலிருந்து:
அப்ப புன்னகை எண்டா இழிஞ்ச சிரிப்போ அண்ணை? புன் எண்டா சிறிசும்தான். சவ்வரிசிக் கதையை விடுங்கோ, அது மலாய்க்காரற்ற சாகு, கப்பலேறி வந்து தமிழில அரிசியானது எண்டுதான் நான் நினைக்கிறன். வடசொல்லைக் களையவேணுமெண்டா ஏன் இழைமணியைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்லை? 1898 இல கார்ல் பெண்டா கிரேக்கத்தில நூலையும் மணியையும் சேர்த்து வைச்ச பேரை அப்பிடியே தமிழாக்கி வைச்சிருக்கினம், அதுதான் கலைச்சொல். நுண்ணுறுப்பு எண்டு நீங்கள் டியூட்டில போட, புன்னங்கம் எண்டு படிச்ச பிள்ளை சோதனை மண்டபத்தில முழிக்கும்.

இன்னொண்டு சேர், உறையிலயும் சிக்கல் இருக்கு. கருவுறை எண்டு சொல்லேக்க இரட்டை மென்சவ்வு, இழைமணிக்கும் பச்சையவுருமணிக்கும் அதேமாதிரி ரெண்டு. இலைசோசோமுக்கும் (லைசோசோம்) புன்வெற்றிடத்துக்கும் ஒண்டுதான். உறை எண்டு பொதுவாப் போட்டா எல்லாத்துக்கும் ரெண்டு எண்டு நினைச்சுப்போடுவினம்.

தெகிவளையிலிருந்து:
அது நியாயம். ஆனா ஒரு தாள் மென்சவ்வையும் உறை எண்டு சொல்லக்கூடாதெண்டு இலக்கணம் ஒண்டும் இல்லை, கடிதவுறை ரெண்டு தாளிலயோ செய்யிறது?

வெள்ளவத்தையிலிருந்து:
எனக்கு நேரமில்லை, மன்னிக்கவேணும். "மென்சவ்வு சூழ் புன்னங்கங்கள்" எண்டு போட்டன், எழுத்தை ஒரு பொயிண்ட் குறைச்சா கட்டத்துக்குள்ள ரெண்டு வரியில நிக்குது. இறைபோசோமுக்கு வேற கட்டம், "மென்சவ்வு அற்றவை" எண்டு.

பம்பலப்பிட்டியிலிருந்து:
வினைத்தொகை, அருமை. என்ர வாக்கு இதுக்கு.

தெகிவளையிலிருந்து:
சரி, போடுங்கோ. உறை இன்னும் சுருக்கம் எண்டது என்ர எண்ணம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
சூழ் நல்ல தமிழ், ஒத்துக்கொள்ளுறன். அதுக்குப் பக்கத்தில அங்கத்தைக் கொண்டுவந்து இருத்தினதுக்கு என்ர மறுப்பைப் பதிஞ்சு வையுங்கோ.