கலைச்சொல் உதவி: பாதுகாப்பு உதவித் திட்டங்களின் ‘அவுட்புட், அவுட்கம், இம்பாக்ட்’

வணக்கம். அயல்நாட்டுப் படைகளுக்கு அமெரிக்கா தரும் பாதுகாப்பு உதவி குறித்த பாடக்குறிப்பை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்குள் கொடுத்தாக வேண்டும். 2017 நிதியாண்டுக்கான பாதுகாப்புச் சட்டம் இத்திட்டங்களை மதிப்பிடுவதைக் கட்டாயமாக்கியது. எத்தனை பேருக்குப் பயிற்சி என்பது அவுட்புட். அந்தப் படை தானே இயங்குகிறதா என்பது அவுட்கம். நாட்டில் பாதுகாப்பு கூடியதா என்பது இம்பாக்ட். வழக்கமான ‘வெளியீடு, விளைவு, தாக்கம்’ இங்கே உதைக்கிறது. ‘இராணுவ உதவியின் தாக்கம்’ என்றால் யாரோ யாரையோ தாக்கிய மாதிரி இருக்கிறது. மானிட்டரிங்குக்குக் ‘கண்காணிப்பு’ என்றால் உளவு வேலை ஆகிவிடுகிறது. வேறு சொற்கள் இருந்தால் சொல்லுங்கள்.

---

செய்பயன், விளைபயன், நிலைபயன். மூன்றும் வினைத்தொகை, சுருக்கம், அழகு. மதிப்பீட்டுக்குப் ‘பயன்தூக்கல்’. ‘பயன்தூக்கார் செய்த உதவி’ என்று குறளே வழிகாட்டுகிறது.

---

ஐயா, அந்தக் குறள் பயனை எடைபோடாமல் செய்த உதவியை அல்லவா புகழ்கிறது! இவர்களோ சட்டம் போட்டு எடைபோடுகிறவர்கள். தவிர, தூக்கு என்றதும் மாணவருக்குக் கயிறுதான் நினைவுக்கு வரும்.

வினைத்தொகையில்தான் என் பெரிய சண்டை. விளைந்த, விளைகின்ற, விளையும் என மூன்று காலமும் அதில் ஒளிந்திருக்கும். விளைந்ததா, இனிமேல்தான் விளையுமா என்பதுதானே மதிப்பீட்டாளரின் கேள்வியே? ஆப்கன் படைகளுக்கு 2002 முதல் அமெரிக்கா ஏறத்தாழ 8,800 கோடி டாலர் ஒதுக்கியது. ஏட்டில் 3 லட்சம் பேர். அதில் பெயர் மட்டும் இருந்தவர்களும் உண்டு. 2021 ஆகஸ்டில் அந்தப் படையே கலைந்தது. அதுவரை ‘விளைபயன்’ என்று எழுதியிருந்தால் எந்த அறிக்கையும் பொய்யாகியிருக்காது!

---

காலம் காட்டாதது வினைத்தொகையின் குறையல்ல, பெருமை. ஊறுகாய் ஊறியதா என்று யாரும் கேட்பதில்லை.

---

சாப்பிடுகிறவன் கேட்பான், ஐயா.

---

சரி, நேரமில்லை. உடன்விளைவு, விளைவு, நெடுவிளைவு என்று போடுகிறேன். நான்கு பேர் தனிமடலில் சம்மதம் சொன்னார்கள். மானிட்டரிங்குக்குத் ‘தொடர்கவனிப்பு’.

---

‘தொடர்கவனிப்பு’ வினைத்தொகை என்பதைப் பதிவு செய்கிறேன். ‘விளைவு’ என்றாலே ‘பின்விளைவு’தான் காதில் விழுகிறது. என் வாக்கு செய்பயனுக்கே.