உத்தேச ரீடிங்கால் 600 யூனிட் தாண்டிய கரண்ட் பில்

வணக்கம். பினாங்கு, ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீடு. ஸ்மார்ட் மீட்டர் இல்லை, பழைய மீட்டர்தான். ஆகஸ்ட் பில்லில் உத்தேச ரீடிங் (மீட்டரைப் பார்க்காமல் கணித்தது), 480 யூனிட். செப்டம்பரில் நேரடி ரீடிங், 690. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் மாதம் 585தான், 600-க்குள். ஆனால் செப்டம்பரில் மட்டும் 600-ஐத் தாண்டியதால், 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணம் (retail charge எனும் மாதக் கட்டணம்), எரிபொருள் விலைக்கேற்ற சரிக்கட்டல், 600-க்கு மேற்பட்ட யூனிட்டுக்கு 8% சேவை வரி எல்லாம் ஏறிவிட்டன. குறைவாகப் பயன்படுத்தினால் கிடைக்கும் சிக்கனச் சலுகையும் குறைந்துவிட்டது. வலிக்கும் இடம் அதுதான்.

மெயின் சுவிட்சை அடைத்துப் பார்த்தேன், மீட்டர் நின்றது, கசிவு இல்லை. மீட்டர் எண்ணும் பில்லில் உள்ளதும் ஒத்துப்போகின்றன. மின் நிறுவனத்தின் சேவை முகப்பில் கேட்டால், "ரீடிங் சரி" என்பதோடு சரி.

உத்தேச மாதத்தையும் சேர்த்து, இரண்டு மாதத்துக்கும் சமமாகப் பிரித்து மறுகணக்கு போடச் சொல்ல வழி உண்டா?